பத்தாவது கேள்வி: குளிசை போட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்கலாமா?

மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவில், சிலிண்டர் கட்டிச் சுழியோடப் போகும் ஸ்கூபா படகு ஏறுவதற்கு முன் கையில் ஒரு தாள் தருவார்கள். அதில் பத்துக் கேள்விகள் இருக்கும். ஆம் அல்லது இல்லை என்று அடையாளம் போட வேண்டும். எங்கள் ஆட்கள் அதை வாசித்து நான் பார்த்தது குறைவு. மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’ பக்கத்தில் ஒரே இழுப்பில் கோடு போட்டுவிட்டு, பேனாவை அடுத்தவரிடம் நீட்டிவிடுவார்கள். படகு காத்திருக்கிறது, வெயில் ஏறுகிறது, தாளை யார் வாசிப்பது?

அந்தத் தாளின் பத்தாவது கேள்வி மருந்து பற்றியது. டொக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று அது கேட்கிறது. கர்ப்பத்தடை மருந்துக்கு விலக்கு உண்டு. மெஃப்ளோகுயின் என்ற ஒன்றைத் தவிர மற்ற மலேரியா மருந்துகளுக்கும் விலக்கு உண்டு. மிச்சம் எதுவானாலும் ‘ஆம்’ போட வேண்டும். போட்டால் முதலில் ஒரு டொக்டரிடம் போய்வர வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு நாமாக வாங்கிப்போடும் குளிசைகளை அந்தக் கேள்வி கேட்பதில்லை. என் அனுபவத்தில் கூடுதலாகச் சிக்கல் தருபவை அவைதான்.

நான் மட்டக்களப்பில் ஒரு பாமசியில் நிற்கிறவன். சில வருஷமாகக் கச்சான் காற்றுக் காலத்தில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவனும்கூட. அதனால் கடையிலும் கரையிலும் ஒரே கேள்விதான் எனக்கு வரும்: “இதைப் போட்டுட்டு இறங்கலாமா?” ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் டொக்டர் இல்லை. இதை வாசித்துவிட்டு டொக்டரிடம் சரியான கேள்வியோடு போனால் எனக்குப் போதும்.

தண்ணீருக்குள் உடம்புக்கு என்ன நடக்கிறது

ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். கரையில் ஒன்று, 10 மீற்றரில் இரண்டு, 20 மீற்றரில் மூன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்களில் ஒன்று ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல். அது ஏறத்தாழ 24 மீற்றரில் கிடக்கிறது. அங்கே அமுக்கம் 3.4 மடங்கு. அதே நாளில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் சுமார் 53 மீற்றரில் கிடக்கிறது, அங்கே 6.3 மடங்கு. சாதாரண ஸ்கூபாவின் எல்லை 40 மீற்றர் என்பதால், ஹெர்மிஸ் தனிப் பயிற்சி எடுத்தவர்களுக்கான இடம்.

இந்த அமுக்கம் மருந்தோடு எங்கே மோதுகிறது என்று விளங்க, உடம்பில் நடக்கும் சில மாற்றங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்று அடைந்திருக்கும் இடங்கள் சுருங்கி விரியும். காது, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகள், நுரையீரல் எல்லாம் இதில் சேரும். பாடசாலையில் படித்த போயிலின் விதிதான்: 10 மீற்றர் இறங்கினால் காற்று பாதியாகச் சுருங்கும், ஏறும்போது இருமடங்காக விரியும்.

அடுத்தது நைதரசன். அமுக்கத்தில் அது இரத்தத்திலும் சதையிலும் கரையும். மெல்ல ஏறினால் மூச்சோடு போய்விடும். அவசரப்பட்டு ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழியாகும். சுழியோடிகள் பெண்ட்ஸ் என்று சொல்வது இதைத்தான். மூட்டு உளைவு, விறைப்பு, தலைச்சுற்று, அளவில்லாத களைப்பு எல்லாம் இதன் அறிகுறிகள்.

அதே நைதரசன் ஏறத்தாழ 30 மீற்றரில் மூளையை மந்தமாக்கத் தொடங்கும். இரண்டு கிளாஸ் குடித்தவன் மாதிரி ஒரு நிலை. சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குப் பயம் வரும். காற்று எவ்வளவு மிச்சம் என்று மீற்றரைப் பார்ப்பான், பார்த்தது மனதில் பதியாது.

கடைசியாக, தண்ணீருக்குள் போனதுமே கால் கைகளில் உள்ள இரத்தம் அரை லீற்றருக்கு மேல் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். இதயத்துக்கு வேலை கூடும். தண்ணீர் கூடிவிட்டது என்று உடம்பு எண்ணிக்கொண்டு சிறுநீரை வெளியே தள்ளும். சுழியோடும்போது சலம் முட்டுவது உங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

இப்போது ஒரு குளிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அது தூக்கம் தருகிறதா? அப்படியானால் நைதரசனின் மந்தத்தோடு கூட்டுச் சேரும். இதயத்தை மெதுவாக்குகிறதா? இதயத்துக்கு வேலை கூடும் இடத்திலேயே அதைக் கட்டிப்போடும். அடைப்பைக் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிடுகிறதா? அந்த நேரம் கடலுக்குள் முடிந்தால் என்ன நடக்கும் என்று பிறகு சொல்கிறேன். வலியை மறைக்கிறதா? அதையும் சொல்கிறேன். மருந்துகள் எல்லாம் கரையில், சாதாரண அமுக்கத்தில் சோதித்து விற்பனைக்கு வருபவை. அமுக்கத்துக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்த மருந்துகள் மிகச் சில. பெட்டிக்குள் இருக்கும் தாளில் ‘வாகனம் ஓட்டாதீர்கள்’ என்று இருக்கும், ‘சுழியோடாதீர்கள்’ என்று இருக்காது. மோட்டார் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று சொல்லும் குளிசையைப் போட்டுக்கொண்டு 20 மீற்றருக்கு இறங்கலாமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

முதலில் வருத்தத்தைக் கேளுங்கள்

கரையில் எல்லோரும் குளிசையின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, “எதுக்காகப் போடுறீங்க?” பல நேரம் மருந்தால் பெரிய பிரச்சினை இருக்காது. அந்த மருந்து தேவைப்படுகிற வருத்தம்தான் ஆளைக் கடலுக்குள் விழுத்தும்.

வலிப்பு இதற்குத் தெளிவான உதாரணம். வலிப்புக் குளிசை போட்டுப் பல வருஷம் ஒன்றும் வராமல் நன்றாக இருப்பவர், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம். மருந்தில் இருக்கும்வரை சுழியோட முடியாது. தண்ணீருக்குள் ஒரே ஒரு முறை வலிப்பு வந்து வாயிலுள்ள காற்றுக்குழாய் கழன்றால், பக்கத்தில் எவ்வளவு நல்ல ஆள் இருந்தாலும் காப்பாற்றுவது கடினம். இதைக் கேட்டு ஒரு தம்பி என்னோடு கோபித்துக்கொண்டு போனான். அவன் கோபம் நியாயம்தான், ஆனாலும் நான் சொன்னதில் மாற்றமில்லை.

தொய்வு உள்ளவர்கள் கதை கொஞ்சம் வேறு. முன்பெல்லாம் தொய்வு என்றாலே வேண்டாம் என்றார்கள். இப்போது வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்து, மூச்சுப் பரிசோதனை சரியாக இருந்தால் பல டொக்டர்கள் விடுகிறார்கள். ஆனால் கடந்த 48 மணித்தியாலத்துக்குள் இழுப்புக்காக வென்டோலின் பம்ப் அடிக்க வேண்டி வந்திருந்தால் இறங்கக்கூடாது என்பது பிரித்தானிய சுழியோடி மருத்துவர்களின் அறிவுறுத்தல். “இறங்கிறதுக்கு முதல் ரெண்டு தரம் அடிச்சா சரிதானே?” என்று கேட்பார்கள். அடித்தால் நெஞ்சு திறந்த மாதிரி இருக்கும். கீழே போனபின், சிலிண்டரின் காய்ந்த குளிர்ந்த காற்றில் ஒரு சிறு மூச்சுக்குழாய் மீண்டும் சுருங்கினால், அதற்குப் பின்னால் அகப்பட்ட காற்று ஏறும்போது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஒரு சின்ன விஷயம்: வெற்றிலை போடுகிற தொய்வுக்காரர்கள் கவனிக்க வேண்டும். பாக்கில் உள்ள அரெக்கோலின் மூச்சுக்குழாயைச் சுருக்கக் கூடியது. படகில் வெற்றிலைப் பை கைமாறும்போது இதை யாரும் மருந்தாகக் கணக்கெடுப்பதில்லை.

சீனி வருத்தத்தில் குளிசைக்குக் குளிசை வித்தியாசம் உண்டு. மெட்ஃபோர்மின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் மூன்றும் இறக்கும். எங்கள் பக்கத்தில் இது எப்படி நடக்கும் தெரியுமா? கடலில் சத்தி வரும் என்ற பயத்தில் காலையில் புட்டைத் தொடமாட்டார்கள். ஆனால் பழக்கதோஷத்தில் குளிசையை மட்டும் போட்டுவிடுவார்கள். வெறும் வயிறு, உள்ளே கிளிக்கிளசைட், மேலே வெயில், கீழே நீரோட்டத்தை எதிர்த்து நீச்சல். சீனி இறங்கினால் கரையில் வியர்க்கும், கை நடுங்கும், பக்கத்தில் நிற்பவர் கண்டுபிடித்துவிடுவார். தண்ணீருக்குள் வியர்வை தெரியாது. ஆள் தடுமாறுவதைப் பார்த்து நைதரசன் மயக்கம் என்று நினைத்துவிடுவார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் டொக்டரின் அனுமதியோடு இறங்குகிறார்கள். அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 30 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது. இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு, அரை மணித்தியாலம் முன்பு, இறங்கும் தறுவாயில் என்று மூன்று முறை சீனி பார்க்க வேண்டும். 150க்கு மேலே, குறையாமல் நிற்க வேண்டும். ஒரு படகில் இந்த மூன்று சோதனையையும் பொறுமையாகச் செய்த ஒரு அக்காவைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகிலேயே எனக்கு ஆகக் குறைந்த பயம் இருந்தது அவவைப் பற்றித்தான்.

பிரஷர் குளிசைகளில் நான் கூடுதலாகக் கவனிப்பது அட்டெனோலோல், புரொப்ரனோலோல் வகையை. இவை இதயத் துடிப்பை ஒரு அளவுக்கு மேல் ஏற விடமாட்டா. நடந்து திரியும்போது பிரச்சினை இல்லை. நீரோட்டம் இழுக்கும்போது உடம்பு கேட்கும் வேகத்தை இதயம் கொடுக்காது, ஆள் சீக்கிரம் களைத்துப்போவார். போதாக்குறைக்கு மூச்சுக்குழாயையும் சுருக்கக் கூடியவை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: புரொப்ரனோலோலைத் தலையிடிக்கும், கை நடுக்கத்துக்கும், பதற்றத்துக்கும் எழுதுவார்கள். அதனால் “எனக்குப் பிரஷர் இல்லையே” என்று சொல்லிவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. சலம் போகச் செய்யும் குளிசைகள் இன்னொரு வகை. கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் ஏற்கனவே உடம்பு காய்ந்திருக்கும். கடலுக்குள்ளும் சலம் கூடுதலாகப் போகும். அதன்மேல் இந்தக் குளிசையும் சேர்ந்தால் உடம்பில் தண்ணீர் மிச்சமிருக்காது. உடம்பு காய்ந்தால் பெண்ட்ஸ் வரும் சாத்தியமும் கூடும்.

இரத்தம் உறையாமல் இருக்க வோஃபரின் எடுப்பவர்களுக்குக் காதிலோ நெஞ்சிலோ ஒரு சிறு கிழிசல் வந்தாலும் இரத்தம் நிற்காது. மனச்சோர்வுக்கான குளிசை என்றால், தொடங்கிய புதிதில் வேண்டாம், நிலைப்பட்ட பிறகு டொக்டரோடு பேசி முடிவெடுக்கலாம். இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் படிவத்தில் ‘இல்லை’ போடுகிறவர்கள்தான் கூட. மெஃப்ளோகுயினுக்கு மட்டும் ஏன் தனி இடம் என்றால், அது தரும் தலைச்சுற்று, பதற்றம், தடுமாற்றம் எல்லாம் பெண்ட்ஸ் அறிகுறி மாதிரியே இருக்கும். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்துவிட்டது, இங்கே சுழியோட அந்த மருந்து தேவையில்லை. ஆபிரிக்கா பக்கம் போய்விட்டு நேரே விடுமுறைக்கு இங்கே வருகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் அந்தக் குளிசையைப் போடுவார்கள்.

தடிமனும் நானும்

இப்போது என் கதை. பாமசியில் நின்றுகொண்டே இந்தப் பிழையைச் செய்தேன் என்பதால் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நான்கு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு படகு பிடித்திருந்தோம். முந்தின நாளே எனக்குத் தடிமன். போகாவிட்டால் காசும் போகும், நண்பர்களின் கேலியும் மிஞ்சும். காலையில் மூக்கடைப்புக்கான குளிசை ஒன்றைப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் மூக்கு கம்மென்று திறந்தது. எனக்கே என் கெட்டித்தனத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

படகு கிளம்பப் பிந்தியது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு. பிறகு கடலில் இடத்தைத் தேட நேரம் போயிற்று. ஒருவாறு இறங்கினோம். மூக்கைப் பிடித்து ஊதினேன், காது திறந்தது. கீழே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி ஏறத் தொடங்கி, 12 மீற்றர் அளவில் வந்தபோது வலது காதுக்குள் யாரோ பலூன் ஊதுகிற மாதிரி ஒரு வலி. இன்னும் ஒரு மீற்றர் ஏறினேன், வலி கத்தி மாதிரி ஆனது. தலை சுற்றியது. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை.

நடந்தது இதுதான். நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையில் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. குளிசை அதைச் சுற்றியிருந்த வீக்கத்தை வற்றச்செய்து திறந்துவிட்டது. சூடோஎஃபெட்ரின் மாதிரியான மருந்து வேலை செய்வது 4 முதல் 6 மணித்தியாலம். கரையில் வீணாக்கிய நேரமும் சேர்ந்து, நான் அடியில் நிற்கும்போதே அது முடிந்துவிட்டது. குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. இறங்கும்போது உள்ளே போன காற்று, ஏறும்போது விரிகிறது, வெளியேற வழியில்லை.

இறங்கும்போது காது அடைத்தால் வழி சுலபம்: மேலே வந்துவிடலாம். ஏறும்போது அடைத்தால் மேலே போக முடியாது, கீழேயே இருக்கவும் முடியாது, ஏனென்றால் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே இருக்கும். நான் மறுபடி இரண்டு மீற்றர் இறங்கி, தாடையை ஆட்டி, எச்சில் விழுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறினேன். மேலே வந்தபோது முகக்கண்ணாடிக்குள் இரத்தம். காது ஒரு மாதம் சரியாகக் கேட்கவில்லை.

மூக்குச் சொட்டு மருந்து கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால் அதுவே அடைப்பைத் திருப்பிக் கொண்டுவரும். இன்னொரு விஷயம். ஒட்சிசன் கூட்டிய காற்றைச் சிலிண்டரில் நிரப்புவதும் உண்டு, நைட்ரொக்ஸ் என்பார்கள். ஆழத்தில் ஒட்சிசன் அமுக்கம் அளவுக்கு மிஞ்சினால் வலிப்பு வரும். சூடோஎஃபெட்ரின் நரம்பைத் தூண்டும் மருந்து என்பதால், நைட்ரொக்ஸோடு அதைச் சேர்க்க வேண்டாம் என்று சுழியோடி மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

தும்மலுக்குப் போடும் பிரிட்டோன் அடைப்பைக்கூடச் சரியாகத் திறக்காது, தூக்கத்தை மட்டும் தரும். செட்டிரிசின், லொரட்டடின் தூக்கம் குறைந்தவை. ஆனால் தடிமன் என்றால் என் பதில் ஒன்றே ஒன்று: படகுக் காசு போனால் போகட்டும்.

சத்திக்குப் போடும் குளிசை

இறங்குவதற்கு முன் படகில் ஆளாளுக்கு நீட்டிக்கொள்ளும் குளிசை இதுதான். அவோமின், ஃபெனர்கன் இரண்டிலும் உள்ளது புரொமெத்தசின். நன்றாகத் தூக்கம் தரும், சுழியோடிக்கு வேண்டாம். ஸ்டுஜெரோனில் உள்ள சின்னரிசின் அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் சிலரைத் தூங்க வைத்துவிடும். இன்னொரு பழைய மருந்தான டைமென்ஹைட்ரினேட்டை, ஆழத்து அமுக்கத்தைக் கரையிலேயே உண்டாக்கும் அமுக்க அறைக்குள் வைத்து சுழியோடிகளில் சோதித்திருக்கிறார்கள். யோசனையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் குறைந்தது. ஆழமும் சேர்ந்தபோது ஞாபகமும் பாதித்தது. கடலுக்குள் ஏதாவது பிழைத்தால் முதலில் தேவைப்படுவது அந்தத் திறன்தான்.

அதற்காகச் சத்தி எடுத்துக்கொண்டே இறங்கு என்றும் சொல்ல மாட்டேன். சத்தி எடுத்தால் உடம்பு காயும், களைக்கும். இஞ்சிப் பிளேன்ரீ சிலருக்கு உதவுகிறது. படகின் நடுவில் இருந்து கரையைப் பார்ப்பதும் உதவும். படகில் சாமான்களை முடுக்கிக்கொண்டு குனிந்தே இருப்பவர்கள்தான் முதலில் எடுப்பார்கள்.

உளைவுக்கு ஒரு குளிசை

ஒரு நாள் பின்னேரம் கடைக்கு ஒரு அண்ணன் வந்தார். கடலட்டைக்குச் சிலிண்டரில் இறங்குகிறவர், முகம் தெரிந்தவர். இடது கையை மடக்கி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“தம்பி, தோள்மூட்டு உளைவுக்கு ஒரு நல்ல குளிசை தாங்க. பனடோல் போட்டன், கேக்கல்ல.”

“எப்ப இறங்கினீங்க அண்ணே?”

“காலையில. மூண்டு தரம்.”

“உளைவு எப்ப வந்தது?”

“மத்தியானம். அது எங்களுக்கு வாறதுதானே, நாளைக்குப் போயிரும்.”

பனடோலில் உள்ள பரசிற்றமோல் சுழியோடிக்குப் பெரிதாக ஆபத்தில்லாத குளிசை. ஆனால் இறங்கி ஏறியபின் வரும் உளைவு உடம்பு அனுப்பும் தந்தி. குளிசை அந்தத் தந்தியை வாசிக்கவிடாமல் மடித்து வைத்துவிடும். பெண்ட்ஸ் அறிகுறிகள் பெரும்பாலும் ஏறிய சில மணித்தியாலங்களுக்குள் வந்துவிடும். ஏறத்தாழ எல்லாமே ஒரு நாளுக்குள். அதற்கான வைத்தியம் முதலில் நூறு வீத ஒட்சிசன், பிறகு அமுக்க அறை. திருகோணமலையில் கடற்படையிடம் அப்படியொரு அறை இருக்கிறது. அன்று நான் குளிசை கொடுக்கவில்லை. 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறினார். கை சுகமான பிறகு ஒரு பை சூரை மீன் கொண்டுவந்து கொடுத்தார்.

இறங்குவதற்கு முன்பே வலிக்குளிசை வேண்டும் என்றால், அந்த வலி ஏன் என்பதுதான் கேள்வி. கொடெய்ன் கலந்தவை, ட்ரமடோல் எல்லாம் வேறு வகை. தூக்கம், மூச்சு மந்தம் இரண்டையும் தருபவை. ட்ரமடோல் வலிப்பையும் எளிதில் வரச்செய்யும். டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதோடு இறங்கக் கூடாது.

சாராயம், கஞ்சா, ஐஸ்

அறுகம்பையில் அலைச்சறுக்கும் காலமும் எங்கள் பக்கம் சுழியோடும் காலமும் ஏறத்தாழ ஒன்றுதான், சித்திரைக்குப் பிறகு புரட்டாதிவரை. இரவு அங்கே கொண்டாட்டம், அதிகாலையில் வாகனம் பிடித்து வந்து இங்கே படகு. “நான் தெளிஞ்சுட்டேன்” என்று சொல்லாத ஆளைக் கண்டதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அரைப் போத்தல் சாராயம் 375 மில்லிலீற்றர். அதில் ஏறத்தாழ 100 கிராம் மதுசாரம். ஈரல் மணிக்கு 8 முதல் 10 கிராம்தான் எரிக்கும். எனவே முழுதும் போக 10 முதல் 12.5 மணித்தியாலம் வேண்டும். நடுச்சாமத்தில் முடித்தவருக்குக் காலை 8 மணிக்குப் படகு என்றால், அதில் ஒரு பங்கு இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கக் கூடும். தேத்தண்ணி குடித்தாலும் குளித்தாலும் ஈரல் வேகம் கூட்டாது. மதுசாரம் போனபின்னும் உடம்பு காய்ந்தே இருக்கும், தலை இடித்தபடியே இருக்கும். முந்தின நாள் குடிக்காமல் இருப்பதுதான் சரி.

ஏறிய பிறகு படகிலேயே பியர் திறப்பதும் நல்லதில்லை. பெண்ட்ஸின் களைப்பும் தள்ளாட்டமும் வெறியின் களைப்பும் தள்ளாட்டமும் பார்வைக்கு ஒன்றே. யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்க, தெளிந்த ஒருவர்கூடப் படகில் இருக்க மாட்டார்.

கஞ்சா பற்றிக் கடற்கரையில் ஒரு நம்பிக்கை உலவுகிறது: அது மூலிகை, சாராயம் மாதிரி இல்லை என்று. சட்டத்தை விடுங்கள், கடலைப் பாருங்கள். கஞ்சா நேரக் கணக்கைக் குழப்பும். சுழியோடலோ முழுக்க முழுக்க நேரக் கணக்கு. இதயத்தை வேகமாக்கும். கரையில் சிரிப்பாக இருக்கும் மயக்கம் 25 மீற்றரில், மங்கிய வெளிச்சத்தில், பழைய கப்பலின் இரும்புச் சுவர் முன்னால் திடீரென்று பீதியாக மாறக் கூடும். பீதியில் ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வான். அதைவிட மோசமான ஏற்றம் கிடையாது. புகை என்ற அளவில் சிகரட்டும் இதில் சேரும்: புகையில் உள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசன் ஏறிக்கொள்ள வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சளி காற்றை அடைத்து வைக்கும்.

ஐஸ் என்ற போதைப்பொருள் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை, எங்கள் ஊர்ப் பொடியன்களில் எத்தனை பேரை அது தின்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரத்தக் குழாய்களை இறுக்கி, பிரஷரை ஏற்றி, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். நெஞ்சுக்கு இரத்தம் தள்ளப்படும் தண்ணீருக்குள் இது நேரடியான உயிராபத்து. நாள் கணக்கில் தூங்காமல் இருந்துவிட்டு அது இறங்கும்போது வரும் சோர்வும் அப்படித்தான். போதைக்காக விழுங்கும் ட்ரமடோல், பிரிகபலின் குளிசைகளும் இதே கூட்டம். உங்களோடு ஜோடியாக இறங்குகிறவர் இதில் எதையாவது எடுத்தது தெரிந்தால் இறங்காதீர்கள். அவருடைய மாற்றுக் காற்றுக்குழாய்தான் ஆபத்தில் உங்கள் மூச்சு.

டொக்டரிடம் போகும்போது

‘சுழியோடலாமா’ என்று மட்டும் கேட்டால் பல டொக்டர்கள் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள், எல்லோரும் கடலுக்குள் போனவர்கள் இல்லையே. குளிசை அட்டைகளைப் பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். “வெள்ளைக் குளிசை, அரைவாசி” என்று சொல்வதில் பயனில்லை. எத்தனை மீற்றர் போகப் போகிறீர்கள், எத்தனை நிமிஷம், எவ்வளவு பாரம் தூக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இது தூக்கம் தருமா, இதயத்தைப் பிடித்து வைக்குமா, வலிப்பை வரவழைக்குமா, பாதியில் வேலை முடிந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தைக் கையோடு கொண்டுபோனால் டொக்டருக்கும் சுலபம். இறங்க வேண்டும் என்பதற்காக ஒரு நாள் மருந்தை நிறுத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பிரஷர், சீனி, வலிப்புக் குளிசைகளில் அதைச் செய்ய வேண்டாம்.

புதுக் குளிசை எதுவானாலும் முதல் தடவை கடலுக்குப் போகாத நாளில், வீட்டில் போட்டுப் பாருங்கள். எனக்கு ஸ்டுஜெரோன் எப்படிப் பிடிக்கிறது என்று நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டு, கிரிக்கெட் பார்த்தபடியே கதிரையில் மாலைவரை தூங்கிவிட்டேன். இப்போது கடல் குழம்பியிருந்தால் நான் இறங்குவதில்லை. படகில் இருந்துகொண்டு, ஏறி வருகிறவர்களுக்கு இஞ்சிப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கிறேன்.